ஊமையாகிப் போன விசைப்பலகை



உங்கள் வீட்டு அலுமாரிக்கு மேலோ, கட்டிலுக்குக் கீழோ பழைய கணனி ஒன்று துணி போர்த்தியபடி கிடக்கின்றதா? "அது எப்போதோ பழுதாகிவிட்டது, அடுத்த தடவை பழைய இரும்புக்காரர் வந்தால் கொடுத்துவிட வேண்டும்" என்று எண்ணியிருக்கின்றீர்களா? அப்படியாயின் கொடுப்பதற்கு முன் இந்தக் கட்டுரையை ஒரு தடவை வாசித்து விடுங்கள். ஓர் இழந்த பொருளைத் திரும்பப் பெற்ற வீட்டின் கதை இது. அத்துடன், அதனை எப்படிப் பெற்றார்கள் என்ற விவரமும் இதில் உண்டு.

உக்குவளைப் பக்கத்துக் கிராமமொன்றில் எனது நண்பரான மௌலவி ஒருவர் வாழ்ந்தார். அரபுக் கல்லூரியில் எனக்கு ஐந்து வருடம் மூத்தவர். முதலாம் வருட மாணவர்களுக்கு அரபு இலக்கணம் புரிவதில்லை என்ற கவலை அவருக்கு எப்போதும் இருந்தது. ஆகவே, தமிழில் இலகுவான விளக்கத்துடன் ஒரு பாடநூலை எழுதத் தொடங்கினார். பகலில் கற்பித்துவிட்டு, இஷாவுக்குப் பின் தனது பழைய கணனியில் பக்கம் பக்கமாகத் தட்டச்சு செய்வார். ஆறு வருடங்களில் பதினான்கு பாடங்கள் முடிந்தன. அச்சிடுவதற்கு முன் 2021இல் அவர் இறையடி சேர்ந்தார்.

அவரது மனைவியும் மகளும் அந்தக் கணனியை இரண்டு வருடங்கள் தொடவில்லை. 2023ஆம் ஆண்டு நவம்பர் மழையின்போது, "வாப்பாட பாடத்தை எப்படியாவது அச்சடிக்க வேணும்" என்று மகள் பிடிவாதம் பிடித்தாள். கணனியை இயக்கினார்கள். திரை ஒளிர்ந்தது. ஆனால் ஒரு வரியுடன் அது நின்றுவிட்டது. 'விசைப்பலகையில் பிழை, அல்லது விசைப்பலகை இல்லை. தொடர்வதற்கு எஃப்1 விசையை அழுத்துக' என்பது அந்த ஆங்கில வரியின் பொருள். விசைப்பலகை இல்லையென்று சொல்லும் கணனியே விசையை அழுத்தவும் சொல்கின்றது! எத்தனை தடவை அழுத்தியும் பலனில்லை.

பட்டணத்துக் கடையொன்றுக்கு விசைப்பலகையைக் கொண்டு சென்றார்கள். "இது செத்துப் போச்சு, இந்தச் சாமான் இப்ப வாறதுமில்ல, கணனியையும் சேத்து வீசுங்க" என்று பதில் கிடைத்தது.

நான் எனது மனைவியுடன் அந்த வீட்டுக்குச் சென்றபோது, மேசைமேல் விசைப்பலகை ஒரு ஜனாஸாவைப் போலத் துணி மூடிக் கிடந்தது. "மௌலவி, இது மௌத்தாப் போச்சாம்" என்றார் அந்த ராத்தா. குரல் தழுதழுத்தது. அவர் விசைப்பலகைக்காக அழவில்லை என்பது எங்களுக்குத் தெரியும்.

நான் சொன்னேன்: "ராத்தா, மனிசர்ட மௌத்தையே நாடி பாத்த பிறகுதான் சொல்லுவாங்க. இதுட நாடிய இன்னும் ஒருத்தரும் பாக்கல்லையே."

எனது வாப்பா ரேடியோ திருத்துபவர். சிறு வயதில் அவருக்கு டோர்ச் பிடித்துக் கொடுத்துப் பழகியதில் எனக்கும் கொஞ்சம் கைப்பழக்கம் உண்டு. அவர் அடிக்கடி ஒன்று சொல்வார்: பழுதைத் தேடுகிறவன் வெளியிலிருந்து உள்ளே போக வேண்டும், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். அன்று அந்த மேசையில் நாங்கள் செய்ததெல்லாம் இதுதான்.

விசைப்பலகை எழுத்தை அனுப்புவதில்லை

பழுது பார்ப்பதற்கு முன் அந்தப் பொருள் எப்படி வேலை செய்கின்றது என்பதை அறிந்து கொள்ள வேண்டும். 'அ' என்ற விசையை அழுத்தினால் வயர் வழியாக 'அ' என்ற எழுத்துப் போகின்றது என்றுதான் நம்மில் பலர் நினைக்கின்றோம். அப்படியல்ல.

விசைப்பலகைக்குள் ஒரு சிறிய 'சிப்' இருக்கின்றது. விசைகளுக்குக் கீழே கிடையாகவும் நெடுக்காகவும் மின் பாதைகள் ஓடுகின்றன, பாய் பின்னலைப் போல. ஒரு விசையை அழுத்தும்போது ஒரு கிடைப்பாதையும் ஒரு நெடும்பாதையும் தொட்டுக் கொள்கின்றன. சிப் இந்தப் பாதைகளை இடைவிடாது வருடிப் பார்த்துக் கொண்டேயிருக்கும். எந்த இடத்தில் தொடுகை ஏற்பட்டது என்பதைக் கண்டு, அந்த விசைக்குரிய இலக்கத்தைக் கணனிக்கு அனுப்பும். விரலை எடுத்தவுடன் 'விட்டுவிட்டார்' என்று இன்னொரு செய்தியையும் அனுப்பும். அந்த இலக்கத்தை எழுத்தாக மாற்றுவது கணனியின் வேலை. ஒரே விசைப்பலகையில் ஆங்கிலமும் தமிழும் அரபியும் தட்டச்சு செய்ய முடிவது இதனால்தான்.

இன்னொன்றும் உண்டு. கணனியை இயக்கியவுடன் அந்தச் சிப் முதலில் தன்னைத்தானே சோதித்துப் பார்க்கும். நலமென்றால் 'நான் நலம்' என்பதற்குரிய இலக்கத்தை அனுப்பும். அப்போது வலது மேல் மூலையிலுள்ள மூன்று சிறு விளக்குகளும் ஒரு கணம் மின்னி அணையும். அந்த மின்னல்தான் விசைப்பலகையின் நாடி! கணனிக்கு அந்தச் செய்தி கிடைக்காவிட்டால்தான் நாம் மேலே கண்ட வரி திரையில் தோன்றும்.

ஊமையில் மூன்று வகை

பாதைகளின் பின்னலைப் புரிந்து கொண்டால், எங்கே பழுது என்பதை விசைப்பலகையைத் திறக்காமலேயே ஓரளவு சொல்லி விடலாம்.

ஒரேயொரு விசை மட்டும் வேலை செய்யவில்லையா? பழுது அந்த விசையின் கீழேயே இருக்கின்றது. அழுக்கோ, தேய்வோ காரணமாகலாம்.

பல விசைகள் ஒன்றாக ஊமையாகி, மற்றவை பேசுகின்றனவா? அவை அனைத்துக்கும் பொதுவான ஒரு பாதை எங்கோ அறுந்துள்ளது, அல்லது அந்தப் பாதை சிப்புடன் சேருமிடம் கழன்றுள்ளது.

எந்த விசையும் பேசவில்லையா? எல்லா விசைகளும் ஒரே நாளில் தேய்ந்து போவதில்லை. ஆகவே, பழுது அனைத்துக்கும் பொதுவான இடத்தில்தான் இருக்க வேண்டும். பிளக், வயர், மின்சாரம், சிப் ஆகியவையே அந்த இடங்கள். இவற்றில் சிப் பழுதாவது குறைவு. பெரும்பாலும் வயரும் பிளக்குமே குற்றவாளிகள். ஏனெனில் ஆடுவதும் மடிவதும் இழுபடுவதும் அவைதானே!

எங்கள் விசைப்பலகை இந்த மூன்றாம் வகை. விளக்குகளும் மின்னவில்லை.

வெளியிலிருந்து உள்ளே

முதலில் பிளக்கைப் பாருங்கள். பழைய விசைப்பலகைகளில் இரண்டு வகைப் பிளக்குகள் உண்டு. பெருவிரல் பருமனில் ஐந்து ஊசிகளுடன் இருப்பது பழையது. 1987இல் ஐ.பி.எம். நிறுவனம் தனது 'பிஎஸ்/2' கணனிகளுடன் ஆறு ஊசிகள் கொண்ட சிறிய வட்டப் பிளக்கைக் கொண்டு வந்தது. இன்று கடைகளில் கிடைக்கும் தட்டையான 'யூஎஸ்பி' பிளக் 1996இல் வந்தது. ஐந்து ஊசிக்கும் ஆறு ஊசிக்கும் வடிவம்தான் வேறு, பேசும் மொழி ஒன்றே. ஆகவே ஒரு சிறு இணைப்பான் இருந்தால் ஒன்றின் இடத்தில் மற்றதை மாட்டலாம். அதுவே முதலில் முயல வேண்டிய வழி. நாங்கள் தேடிய நாளில் அந்த இணைப்பான் எங்கள் பக்கத்துக் கடைகளில் கிடைக்கவில்லை. யூஎஸ்பி விசைப்பலகையோ அந்தக் கணனிக்குப் பொருந்தவே பொருந்தாது.

பிளக்கின் ஊசிகள் வளைந்துள்ளனவா, பச்சைக் களிம்பு பிடித்துள்ளனவா என்று பாருங்கள். வளைந்த ஊசியை மெல்லிய குறட்டினால் மெதுவாக நிமிர்த்தலாம். ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள்: இந்த இரு வகை வட்டப் பிளக்குகளையும் கணனி இயங்கும்போது கழற்றவோ மாட்டவோ கூடாது. கணனியின் உள்ளே விசைப்பலகைக்கென ஒரு சிறு ஃபியூஸ் இருக்கலாம். இயங்கும்போது மாட்டினால் அது எரிந்து போகக்கூடும். பின்னர் எந்த விசைப்பலகையை மாட்டினாலும் ஊமைதான்.

அடுத்து விசைப்பலகையைக் கவிழ்த்துப் பாருங்கள். சில பழைய விசைப்பலகைகளின் அடியில் 'எக்ஸ்டி – ஏடி' என்று ஒரு சிறு ஆளி இருக்கும். ஐ.பி.எம். 1981இல் வெளியிட்ட கணனி ஒரு விதமாகவும், 1984இல் வெளியிட்ட 'ஏடி' கணனி வேறு விதமாகவும் விசைப்பலகையுடன் பேசின. ஆளி தவறான பக்கம் இருந்தால் நலமான விசைப்பலகையும் செத்தது போலவே தோன்றும். துடைக்கும்போது கைபட்டு ஆளி நகர்ந்திருக்கவும் கூடும். மிகப் பழைய கணனிப் பெட்டிகள் சிலவற்றின் முகப்பில் சிறு பூட்டு ஒன்றும் உண்டு. அதைப் பூட்டினால் விசைப்பலகை வேலை செய்யாது. பிள்ளைகள் சாவியைத் திருப்பிவிட்டதை அறியாமல் விசைப்பலகையை வீசியவர்களும் இருப்பார்கள்!

எங்களுடையதில் ஆளியும் இல்லை, பூட்டும் இல்லை. ஊசிகளும் நேராகவே இருந்தன. கணனிப் பக்கம் மின்சாரம் வருகின்றதா என்பதை மல்டிமீற்றரால் பார்த்தேன். ஐந்து வோல்ட் வந்து கொண்டிருந்தது. ஆகவே ஃபியூஸ் நலம். (பழக்கமில்லாதவர்கள் இந்த அளவீட்டைத் தாமாகச் செய்ய வேண்டாம். மீற்றரின் முனை இரு துளைகளை ஒன்றாகத் தொட்டால் நலமான ஃபியூஸும் எரிந்துவிடும்.) மின்சாரம் கணனியிலிருந்து புறப்படுகின்றது, விசைப்பலகையின் விளக்குகளுக்கு வந்து சேரவில்லை. அப்படியானால் வழியில்தான் எங்கோ அறுந்திருக்க வேண்டும். வழி என்பது வயர்தானே?

நான்கு வயர்களில் ஒன்று

"மகள், நீங்களே திறங்க" என்று திருப்புளியை அவளிடம் கொடுத்தேன். சகோதரிகளே, இது பெண்களுக்கு ஆகாத வேலை என்று எவரேனும் சொன்னால் நம்பாதீர்கள். ஊசியில் நூல் கோர்க்கும் கையும், அரிசியில் கல் பொறுக்கும் கண்ணுமே இந்த வேலைக்குத் தேவை. விசைப்பலகையில் ஓடுவது ஐந்து வோல்ட் மட்டுமே, கணனியிலிருந்து கழற்றிய பின் அதுவும் இல்லை. ஆனால் கணனிப் பெட்டிக்குள் இருக்கும் மின்வழங்கிப் பெட்டியையும், பழைய கண்ணாடிக் குழாய்த் திரையையும் ஒருபோதும் திறக்க வேண்டாம். மின்சாரத்தைத் துண்டித்த பின்னரும் அவற்றினுள் ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும்.

திறப்பதற்கு முன் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்துக் கொள்ளுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் இன்னொரு படம். திருகாணிகளை ஒரு பீங்கான் கோப்பையில் இடுங்கள். எல்லாவற்றையும் கழற்றிய பின்னும் மூடி வரவில்லையென்றால் பலவந்தம் செய்யாதீர்கள், ஒட்டப்பட்ட லேபலுக்குக் கீழே ஒரு திருகாணி ஒளிந்திருக்கலாம். அடுத்து, விளிம்பைச் சுற்றி பிளாஸ்டிக் கொக்கிகள் இருக்கும். பழைய பிளாஸ்டிக் இலகுவில் முறியும். தட்டையான எதையேனும் இடையில் விட்டு ஒவ்வொன்றாக விடுவிக்க வேண்டும்.

உள்ளே வயர் வந்து சேருமிடத்தில் நான்கு சிறு வயர்கள் தெரிந்தன. ஒன்று ஐந்து வோல்ட், இன்னொன்று பூமி இணைப்பு. மற்றைய இரண்டில் ஒன்று இலக்கங்களைச் சுமந்து செல்வது, மற்றது அவற்றுக்குத் தாளம் போடுவது. நிறங்களை நம்ப வேண்டாம், கம்பனிக்குக் கம்பனி அவை மாறும். ஐந்து ஊசிப் பிளக்கின் இலக்க ஒழுங்கிலும் ஒரு சிக்கல் உண்டு: அரைவட்டத்தில் அவை ஒன்று, இரண்டு, மூன்று என்று வருவதில்லை. ஒன்று, நான்கு, இரண்டு, ஐந்து, மூன்று என்றே வரும். நான்காவது பூமி, ஐந்தாவது ஐந்து வோல்ட்.

மல்டிமீற்றரை 'பீப்' ஒலிக்கும் நிலையில் வைத்து, ஒரு முனையைப் பிளக்கின் ஊசியிலும் மற்ற முனையை உள்ளேயுள்ள வயரிலும் தொட வேண்டும். இணைப்பு இருந்தால் சத்தம் கேட்கும். மகள் தொட்டாள். முதல் வயர் பாடியது. இரண்டாவதும் மூன்றாவதும் பாடின. நான்காவது மௌனம்.

"சாச்சா, இதுதான்!" என்று அவள் கத்தியதில் அடுப்படியிலிருந்த ராத்தாவும் ஓடி வந்தார்.

ஐந்து வோல்ட் வயர்தான் அறுந்திருந்தது. வெளித்தோலில் ஒரு கீறலுமில்லை. வயரைத் தொட்டு வளைத்து வரும்போது, விசைப்பலகையை விட்டு வெளியேறும் இடத்தில் ஒரு சிறு ஆட்டத்திற்குச் சத்தம் வந்து போனது. அங்கேதான் உள்ளே முறிந்துள்ளது. காரணத்தை ராத்தாவே சொன்னார்: "நான்தான் வயரை இறுக்கிச் சுத்தி வெச்சேன், அழகா இருக்கட்டுமெண்டு." சகோதரிகளே, எந்த மின்பொருளின் வயரையும் அதன் உடலைச் சுற்றி இறுக்கிக் கட்டாதீர்கள். அது வெளியேறும் இடத்திலேயே வயர் முறிகின்றது. தளர்வாக வளையமாக்கி வைத்தால் போதும்.

முறிந்த இடத்தைக் கடந்து இரண்டு அங்குலம் வெட்டி அகற்றினோம். நான்கு வயர்களின் தோலையும் உரித்து, எது எந்த ஊசிக்குரியது என்பதை மீற்றரால் பார்த்துக் கடதாசியில் எழுதி, ஒவ்வொன்றாகச் சோல்டர் வைத்து மூடினோம். சோல்டர் வைக்கும்போது யன்னலைத் திறந்து வையுங்கள், சிறு பிள்ளைகளை அண்ட விடாதீர்கள், முடிந்ததும் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். ஈயம் கலந்த பொருள் அது. மாட்டுவதற்கு முன், அடுத்தடுத்த வயர்கள் ஒன்றையொன்று தொடுகின்றனவா என்பதையும் மீற்றரால் பார்க்க வேண்டும்.

கணனியை இயக்கினோம். மூன்று விளக்குகளும் மின்னி அணைந்தன. எஃப்1 விசையை அழுத்தும்படி ராத்தாவிடமே சொன்னோம். அழுத்தினார். இரண்டு வருடங்கள் மூடிக் கிடந்த வீட்டின் கதவு திறந்தது போலிருந்தது. அல்ஹம்துலில்லாஹ்!

முதல் வேலை எது?

இந்த இடத்தில் ஒரு முக்கியமான விடயம். பழைய கணனி உயிர் பெற்றவுடன் நாம் செய்ய வேண்டிய முதல் வேலை, மகிழ்ச்சியில் எதையாவது தட்டச்சு செய்து பார்ப்பதன்று. உள்ளே இருப்பதைப் பிரதி எடுப்பதே. இன்று எழுந்த கணனி நாளை எழுமென்பதற்கு யார் உத்தரவாதம்? விசைப்பலகையைத் திருத்தலாம், வேறொன்றை வாங்கலாம். அதில் ஆறு வருடம் எழுதியதை எந்தக் கடையில் வாங்குவது?

அந்தக் கணனியில் யூஎஸ்பி இல்லை. ப்ளொப்பி மட்டுமே உண்டு. ஒரு ப்ளொப்பியில் 1.44 மெகாபைட் கொள்ளும், இன்றைய கைத்தொலைபேசிப் படம் ஒன்றுக்குக்கூட அது போதாது. ஆனால் வெறும் எழுத்துக்கு அது தாராளம். பாமினி எழுத்துருவில் ஒரு தட்டலுக்கு ஒரு பைட் போதும். பழைய ப்ளொப்பிகளில் பாதி வாசிக்கவில்லை. ஆகவே ஒவ்வொரு பாடத்தையும் இரண்டிரண்டு ப்ளொப்பிகளில் எடுத்தோம். ஆசிரிய நண்பரொருவர் கொடுத்த யூஎஸ்பி ப்ளொப்பிக் கருவி மூலம் அவற்றைப் புதிய கணனிக்கு மாற்றினோம். இரவு பத்தரை மணிக்குப் பதினான்கு பாடங்களும் பத்திரமாயின.

விசைப்பலகை சரிவராமலே போயிருந்தால்? அப்போதும் வழியுண்டு. கணனியின் ஹார்ட் டிஸ்க்கைத் தெரிந்தவர் ஒருவர் மூலம் கழற்றி, வேறு கணனியில் மாட்டிப் பிரதி எடுக்கலாம். ஆகவே கணனி எழவில்லை என்பதற்காக அதை அப்படியே பழைய இரும்புக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

புள்ளி போன இடம்

எல்லாம் முடிந்ததென்று நினைத்தோம். மகள் ஆசைக்காக ஒரு சொல்லைத் தட்டினாள். அவள் தட்டியது 'உம்மா'. திரையில் வந்தது 'உமமா'.

மறுபடி தட்டினாள். மறுபடியும் 'உமமா'.

பாமினி எழுத்துருவைப் பழகியவர்களுக்கு இதன் காரணம் உடனே புரியும். இலங்கையில் திருமண அழைப்பிதழ் முதல் பரீட்சை வினாத்தாள் வரை எத்தனையோ பாமினியில் அச்சாகியுள்ளன. அதில் 'ம்' எழுத வேண்டுமாயின் முதலில் 'ம' விசையைத் தட்டி, அடுத்து ஆங்கில அரைப்புள்ளி இருக்கும் விசையைத் தட்ட வேண்டும். அந்த அரைப்புள்ளி விசைதான் தமிழின் மெய்யெழுத்துப் புள்ளி. ஆங்கிலத்தில் எப்போதாவது பயன்படும் விசை, தமிழில் ஏறத்தாழ ஒவ்வொரு சொல்லிலும் அடிவாங்குகின்றது. ஆறு வருடம் அடிவாங்கிய அந்த ஒரு விசை மட்டும் இப்போது ஊமை.

ஒரு புள்ளிதானே என்று விட்டுவிட முடியுமா? 'பல்' என்பது 'பல' ஆகிவிடும். 'கண்' என்பது 'கண' ஆகிவிடும். அரபியில் இன்னும் கடினம். 'பா'வுக்குக் கீழே ஒரு புள்ளி, 'தா'வுக்கு மேலே இரண்டு, 'ஸா'வுக்கு மேலே மூன்று. புள்ளி மாறினால் எழுத்தே மாறிவிடும். அந்த நூலின் முதற்பாடமே இதுதான்! புள்ளியின் பெறுமதியைக் கற்பித்த மனிதரின் விசைப்பலகையில் புள்ளியைக் காணவில்லை.

ஒரே விசை என்பதால் பழுது அதன் கீழேதான் என்று முன்னரே சொன்னோம் அல்லவா? அடுத்த வெள்ளிக்கிழமை மீண்டும் திறந்தோம். 1990களில் வந்த விசைப்பலகைகளில் பெரும்பாலானவற்றில் விசைகளுக்குக் கீழே மூன்று மெல்லிய பிளாஸ்டிக் தாள்கள் அடுக்கப்பட்டிருக்கும். மேல்தாளிலும் கீழ்த்தாளிலும் மின் பாதைகள் அச்சிடப்பட்டிருக்கும். நடுத்தாளில் விசைகளுக்கு நேராகத் துளைகள் இருக்கும். அழுத்தும்போது மேல்தாள் துளையினூடாகக் கீழ்த்தாளைத் தொடும். இதற்கு முந்திய சில விசைப்பலகைகள் வேறு விதமானவை. 1981இன் ஐ.பி.எம். விசைப்பலகையில் 83 விசைகள். ஒவ்வொன்றின் கீழும் ஒரு சிறு சுருள்வில் 'டக்' என்று மடியும். அதன் பின்வந்த 'மொடல் எம்' வகையிலும் அதே சுருள்வில்தான். 1980களில் செய்யப்பட்ட அவற்றை இன்றும் திருத்தித் திருத்திப் பாவிப்பவர்கள் உலகில் பலர்.

எங்கள் தாளில் அரைப்புள்ளிக்கு நேரே ஒரு மண்ணிறக் கறை தெரிந்தது. ராத்தா குனிந்து பார்த்தார். "இது அவர்ட தேத்தண்ணி" என்றார். இரவில் எழுதும்போது பக்கத்தில் எப்போதும் ஒரு கோப்பை தேநீர் இருக்குமாம். எப்போதோ சிந்திய ஒரு துளி.

பாமசியில் கிடைக்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் பஞ்சைத் தொட்டு, நன்றாகப் பிழிந்து, கறையை ராத்தாவே மெதுவாக ஒற்றியெடுத்தார். அழுத்தித் தேய்த்தால் அச்சிட்ட பாதையே போய்விடும். நகப்பூச்சு அகற்றும் திரவத்தைப் பாவிக்கவே கூடாது, அது பிளாஸ்டிக்கை உருக்கும். பாதை அறுந்திருந்தால் அதற்கென விற்கும் வெள்ளிப் பூச்சை மெல்லிய தூரிகையால் தடவலாம். தாளில் சோல்டர் வைக்க முடியாது, சூட்டில் தாள் உருகிவிடும். விசை மூடிகளை வேண்டுமானால் இளஞ்சூட்டு நீரில் சவர்க்காரமிட்டுக் கழுவி, நிழலில் முற்றாக உலர்த்துங்கள். வெயிலில் வைத்தால் பழைய பிளாஸ்டிக் மஞ்சளாகிவிடும்.

எங்கள் விசைமூடிகளை நாங்கள் கழுவவில்லை. அவற்றின்மேல் அவர் தனது கையால் தமிழ் எழுத்துகளை எழுதி ஒட்டியிருந்தார். உலர்ந்த துணியால் மட்டும் துடைத்தோம்.

தாள்கள் உலர்ந்த பின் எல்லாவற்றையும் பூட்டினோம். மகள் மறுபடியும் தட்டினாள். உ, ம, புள்ளி, ம, கால். ஐந்து தட்டல்கள்.

'உம்மா.'

ராத்தா ஒன்றும் பேசவில்லை. எழுந்து சென்று எல்லோருக்கும் தேநீர் கொண்டு வந்தார். மகள் மட்டும் தனது கோப்பையை மேசையிலிருந்து எடுத்துத் தூரத்தில் வைத்தாள்!

உங்களிடம் ஒரு வேண்டுகோள்

அந்தப் பதினான்கு பாடங்களையும் மகள் இப்போது யுனிகோட் எழுத்துக்கு மாற்றி வருகின்றாள். பாமினியில் எழுதியதை அந்த எழுத்துரு இல்லாத கணனியில் திறந்தால், பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். 1991இல் வெளியான யுனிகோட்டின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடமுண்டு. அதற்கு மாற்றிவிட்டால் எந்தக் கணனியிலும், எந்தக் கைத்தொலைபேசியிலும் தமிழ் தமிழாகவே தெரியும். மாற்றித் தரும் மென்பொருள்கள் உள்ளன. ஆனால் மாற்றிய பின் ஒவ்வொரு பக்கத்தையும் கண்ணால் வாசித்துப் பார்க்க வேண்டும். முக்கியமாக, புள்ளிகளை.

ஆகவே சகோதரிகளே, உங்கள் வீட்டிலுள்ள பழைய கணனியில் என்ன இருக்கின்றது என்பதை ஒரு தடவை நினைத்துப் பாருங்கள். மறைந்த ஒருவரின் கடிதமா? பிள்ளையின் முதற் படமா? குடும்பத்தின் கணக்கா? இயங்குமானால் இந்த வாரமே பிரதி எடுத்து இரண்டு இடங்களில் வையுங்கள். இயங்காவிட்டால், வெளியிலிருந்து உள்ளே ஒவ்வொன்றாகப் பாருங்கள். பிளக், ஆளி, விளக்கு, வயர், தாள். ஒரு நேரத்தில் ஒன்று. 'செத்துவிட்டது' என்று எவர் சொன்னாலும் நாடி பார்த்தீர்களா என்று கேளுங்கள்.

சென்ற மாதம் அந்த வீட்டுக்குப் போனபோது மேசையில் வேறொரு விசைப்பலகை திறந்து கிடந்தது. பக்கத்து வீட்டாருடையதாம். திருகாணிகள் ஒரு பீங்கான் கோப்பையில் இருந்தன. மகள் பாடசாலைக்குப் போயிருந்தாள்.

மல்டிமீற்றரைக் கையில் வைத்திருந்தவர் ராத்தா. "மௌலவி, மூணு வயர் பாடுது" என்றார்.